வெறும் புட்டியில் கெளுத்தி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

ஏரித் தண்ணீர்ப் புட்டிகளை ஐஸ் பெட்டியில் உன் ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். இங்கே சிக்னல் கிடைப்பதற்குள் உயிர் போய்விடும், அதனால் பெட்டிக்குள்ளேயே கடிதமும். மீன் பண்ணையிலிருந்து தப்பிய, மற்ற மீனையெல்லாம் தின்றுவிடும் கெளுத்தி ஏரிக்குள் புகுந்துவிட்டதா என்று தண்ணீரில் கிடக்கும் டிஎன்ஏவை வைத்துச் சொல். இருந்தால் மருந்தடித்து எல்லா மீனையும் கொன்றுவிட்டுப் புதுக் குஞ்சு விடுவார்களாம். அது முடிந்ததும் எனக்கு ஊருக்கு மாற்றல் என்று மேலதிகாரி வாக்குக் கொடுத்திருக்கிறார். இந்த ஒற்றை அறை அலுத்துவிட்டது, அக்கா. போன தடவை ஊருக்கு வந்தபோது என்னைப் பார்த்ததும் என் பாப்பாவே அவள் அப்பா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

உன் குட்டி

மார்ச் 11

அன்புக் குட்டி,

படித்ததிலிருந்து மனசே சரியில்லை. இங்கேயும் நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டிக் கழுத்து விட்டுப்போகிறது.

கெளுத்தி தெரிகிறது. ஆனால் வழியில் ஏதாவது கலக்கிறதா என்று பார்க்க நான் இங்கிருந்து சுத்தத் தண்ணீர் நிரப்பி, திறக்காமல் திருப்பியனுப்பச் சொன்ன வெறும் புட்டி இருக்கிறதே, அதிலும் அதே கெளுத்தி! ஏரியையே பார்க்காத தண்ணீருக்குள் அது எப்படியடி வந்தது? ஐஸ் பெட்டியில் வேறென்ன வைத்தாய்?

அக்கா

மார்ச் 15

அக்கா,

ஆபீஸ் பெட்டி உடைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வந்தபோது சந்தையில் பண்ணைக் கெளுத்தி வாங்கி ஐஸ் போட்டுக் கொண்டுவந்த பெட்டியில்தான் அனுப்பினேன். சோப்புப் போட்டுத்தான் கழுவினேன், சத்தியமாக.

மேலதிகாரி மருந்தடிக்க நாள் குறித்துவிட்டார். "உங்கக்காதானே பாக்கறாங்க, அந்த ஒரு புட்டிய விட்டுட்டு எழுதச் சொல்லும்மா" என்கிறார். மறுபடி தண்ணீர் எடுத்தால் இந்த வருஷ மாற்றல் போச்சு. உன் காலில் விழுகிறேன், அதை மட்டும் விட்டுவிடேன். யாருக்குத் தெரியப்போகிறது?

குட்டி

மார்ச் 20

குட்டி,

விடவில்லை. சோப்புப் போட்டாலும் மீனின் டிஎன்ஏ முழுக்கப் போகாது, பெட்டியிலிருந்து புட்டி மூடிகளில் ஒட்டி வந்திருக்கிறது. எல்லாவற்றையும் எழுதி, மறுபடி எடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். சந்தையில் வாங்கிய மீனுக்காக ஒரு ஏரியையே சாகடிக்க எனக்குக் கை வரவில்லை. உன்னை நினைத்து அழுதேன், அதுவும் நிஜம். திட்ட வேண்டுமா, நன்றாகத் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. லீவு போட்டுப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன், சரியா?

அக்கா

ஏப்ரல் 28

ஆய்வக அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். புதுப் பெட்டியில் அனுப்பிய இரண்டாம் முறைப் புட்டிகளுக்கான தங்கள் அறிக்கை கிடைத்தது. ஏரியில் பண்ணைக் கெளுத்தி இல்லை என்று உறுதியானதால் மருந்தடிக்கும் திட்டம் கைவிடப்பட்டது. தாங்கள் செய்தது சரி. மாற்றல் பட்டியலும் வந்துவிட்டது, அதில் நான் இல்லை.

ஆய்வு செய்பவர் எனக்கு உறவினர் என்பதால், இனி புட்டிகளை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி நானே பரிந்துரைத்திருக்கிறேன். நேரில் வருவதாக எழுதியிருந்தீர்கள். தேவையில்லை.

இப்படிக்கு,
ஏரி மேற்பார்வையாளர்