கலிங்கம் என்று சொல்ல

ஞாயிறு, அக்டோபர் 12

நாளை வரலாற்று வகுப்பில் என் மகள் ரோஷினி பழைய கடற்கரை நாடு ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். கலிங்கத்தை எடுக்கச் சொன்னது நான்தான். சாயங்காலம் பார்த்தால், அவள் எழுதிய அட்டையில் அந்தப் பெயர் இருந்த இடமெல்லாம் வெள்ளை மை பூசியிருந்தது.

"ஏன்டி?" என்றேன்.

"கலிங்கான்னு சொன்னாலே பின்னாடி உக்காந்திருக்கிற பசங்க 'கெலிங், கெலிங்'னு கத்துவானுங்கம்மா. மானம் போயிரும் லா."

மலாய் மொழியில் இந்தியர்களை இழிவாகச் சொல்லும் அந்த வசவு கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்தது என்றுதான் சொல்கிறார்கள். கலிங்கத்தார் வங்கக் கடலோரத்தில் துறைமுகங்கள் வைத்து, இந்தப் பக்கமெல்லாம் கப்பல் விட்டவர்கள். போரில் நாடு விழுந்தது, மறுபடி எழுந்தது, கடைசியில் வேறு அரசுகளுக்குள் கரைந்து போனது. பழந்தமிழில் கலிங்கம் என்றால் நல்ல துணி. கிள்ளானில் அது என் மகளைத் திட்டும் சொல். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"நாம தமிழர்தானேம்மா? அடுத்தவங்க பேர வச்சா நம்மள திட்றானுங்க? திட்டக்கூட ஒழுங்கா தெரியல."

இருவரும் சிரித்துவிட்டோம். ஆனாலும் அவள் அட்டையைத் திருத்தவில்லை.

ஆசிரியரிடம் நான் போய்ப் பேசலாம். அப்படிச் செய்தால் அடுத்த முறையும் அவள் என்னைத்தான் தேடுவாள். காலையில் காரில் போகும்போது சொல்லிப் பழக வைக்கப் போகிறேன். பெயரை உரக்கச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கும்வரை அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கப்பல்கள்.