திரௌபதி வாங்கிய ஒரு மார்க்

12.6.2005, ஞாயிறு
காலையில் திரௌபதி குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாள். "உப்பள மேஸ்திரி பொண்டாட்டி, கை தாராளம்தான்" என்றேன். சிரித்தாள். பக்கவாதம் வந்து ஏழு மாதம். கை கால் தேறிவிட்டது. ஞாபகம்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது.

பேப்பரில் ஒரு செய்தி. எலியின் மூளைக்குள் மரபணுவைச் செலுத்தி, பக்கவாதத்தில் கெட்டுப்போன இடத்தைத் தேற்றப் பார்க்கிறார்களாம். வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன். எலிக்கு வந்த யோகம்!

20.6.2005, திங்கள்
பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவிடம் செய்தியைக் காட்டினேன். சின்னப் பெண், பட்டணத்தில் படித்தவர்.

"மனுஷங்களுக்கு வர இன்னும் எத்தனை வருஷமோ. வந்தாலும், ஞாபகம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறவங்களுக்குத்தான் முயற்சி பண்ணுவாங்க" என்றார்.

அப்படியென்றால் அந்த மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும். அவ்வளவுதானே?

ஞாபகப் பரீட்சை வைத்தார். கிழமை சொன்னாள். பிள்ளைகள் இரண்டு பேரின் பேரும் சொன்னாள். என்னைக் காட்டி, "இவர் பேர் என்ன?" என்று கேட்டார். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா சைபர் போட்டார்.

என்னையுமா மறந்துவிட்டாள்? பஸ்ஸில் அழுகையை அடக்க முடியவில்லை.

21.6.2005
நான் ஒரு மடையன்! முப்பத்தோரு வருஷத்தில் அவள் என்றைக்கு என் பேரைச் சொன்னாள்? ரேஷன் கடையில்கூடப் பக்கத்து வீட்டு அஞ்சம்மாளை விட்டுத்தான் சொல்ல வைப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே உப்பளத்தில் வேலை. அப்போது "ஏ சடையப்பா!" என்று ஊருக்கே கேட்கக் கூப்பிடுவாள். தாலி ஏறிய அன்றோடு நின்றுபோனது.

3.9.2005, சனி
பரீட்சைக்குத் தயார் செய்கிறேன். "ஒரே ஒரு தரம் சொல்லேன், மார்க் கிடைக்கும்."

"சொன்னா உங்க ஆயுசு கொறையும். மார்க்கும் வேணாம், மண்ணும் வேணாம், போங்க."

என் ஆயுசு கிடக்கட்டும், உன் மூளை தேறட்டும் என்றால் கேட்கிறாளா!

18.11.2005
மழை. உப்பளத்தில் வேலை இல்லை. அவளுக்குத் தலை வாரிவிட்டேன். வகிடு கோணல் என்று திட்டு.

6.2.2006, திங்கள்
மறுபடி பாண்டிச்சேரி. மரபணு இன்னும் எலியிடமேதான் இருக்கிறதாம்.

பரீட்சை. கிழமை தெரியவில்லை. பிள்ளைகளில் மூத்தவன் பேர் மட்டும் வந்தது. "இவர் பேர்?"

"சடையப்பன்." பட்டென்று சொன்னாள்.

"பாத்தீங்களா, போன தடவை சொல்லலையே!" டாக்டரம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒரு மார்க் போட்டார். நானும் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

பஸ் அனுமந்தையைத் தாண்டும்போது என் கையைத் தட்டினாள்.

"சடையப்பா, சீக்கிரம் போவணும். எங்க வூட்டுக்காரரு பசியோட இருப்பாரு."

நான் கேட்டேன். "உங்க வூட்டுக்காரரு பேரு என்ன?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, அதெல்லாம் சொல்லக் கூடாது."