பெங்களூரில் அச்சான வரலாறு

தருமபுரி,
நவம்பர் 1988

என்னுடையவருக்கு,

பிள்ளைகள் சுகம். நம் சாஃப்ட்வேர் கம்பெனியின் வரலாறு என்று நீங்கள் பெங்களூரில் அச்சடித்த புத்தகம் வந்தது. உங்கள் படம் நன்றாக விழுந்திருக்கிறது. முதல் சம்பளக் கணக்குப் புரோகிராமை நீங்கள் தனியாளாக எழுதியதாகப் போட்டிருக்கிறது.

அதைப் படித்ததிலிருந்து ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு தடவை உலை பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

நேற்று பென்னாகரத்து மில் மேனேஜர் மதலைமுத்து வந்தார். “உங்க கம்பெனி மொதல்ல குடுத்த சம்பளக் கணக்குப் புரோகிராம் நின்னுபோச்சுங்க. சாருக்கு போன் போட்டேன். ‘அது என் சம்சாரம் எழுதுனது, அவளையே கேளுங்க’ன்னுட்டாருங்க” என்றார்.

உடனே பஸ் ஏறிப் போய்ச் சரிசெய்தேன்.

“இனிமே பெங்களூருக்குப் போன் போடணுங்களா?”

“வேண்டாங்க, என்னையே கூப்பிடுங்க.”

திரும்பும் வழியிலேயே என் பெயரில் கம்பெனிப் பலகை எழுதக் கொடுத்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வரும்போது வாசலில் பார்ப்பீர்கள்.

உங்கள் மனைவி