அம்சம் மறித்த லாரி

அம்சம்,

பழைய சோறும் சுண்டக்குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். கோபத்தில் பட்டினி கிடக்காதே.

நம்ம லாரி ஜெயித்துவிட்டது! நேற்று குத்தாலம் வரை ஓட்டினேன், மெயில் ரயிலே மூச்சு வாங்கிப் பின்தங்கியது. பின்னால் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தியாச்சு. படுத்துக்கொண்டே காஷ்மீர் போகலாம்.

“கூலிப் போராட்டத்தை உடைக்க வெளியூர் ஆளுங்களை ஏத்திவந்த பண்ணை வண்டி, அதுல நான் ஏறமாட்டேன்” என்றாய். நாலு நல்ல வண்டியை விட்டுவிட்டு அதனால்தானே இதை வாங்கினேன்! அறுபத்தேழில் இதன் சக்கரத்துக்கு முன்னால் படுத்து மறித்தவள் நீ. பதிவுப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது, பிரித்துப் பார். உரிமையாளர்: அம்சம்.

உன் பேரை முகப்பில் எழுத, பெயின்டரைக் கூட்டிவர வலங்கைமான் போகிறேன்.

தங்கையன்

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: முதலாளியம்மா, ரிட்டையரான அரசு பஸ் டிரைவர் ஒருத்தன் உங்க வீட்டிலேயே சும்மா இருக்கான். அவனுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுங்க.