மருதாயி ஊற்றும் கைத்தண்ணீர்

கொட்டச்சேடு
ஐப்பசி, 1938

அன்பு மகன் குழந்தைவேலுக்கு அம்மா சென்னம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கை கலாவதி எழுதுவது. சேர்வராயன் சாமி காவலில் நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகளும் பேரனும் வங்காளத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நீ எழுதியது மனதுக்கு நிம்மதி.

இங்கே மழை விடவில்லை. காப்பிப் பழம் சிவந்துவிட்டது, எஸ்டேட்டில் பறிப்பு தொடங்கப் போகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறார். கலாவதி பி.ஏ. முடித்து வந்தும் நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறாள். ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. நான் பேசுவதைப் படித்தவர்கள் எழுதுவது போல மாற்றி எழுதுகிறாள், திரும்ப வாசித்துக் காட்டினால் நான்தான் இப்படிச் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

உன் கடிதம் வந்தது கண்ணு. பல்கலைக்கழகத்தில் உன்னைப் புரோவோஸ்டாக இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், சேலம் ஜில்லாவிலும் ஹெல்த் ஆபீசர் வேலை காலியாக இருக்கிறது, இரண்டில் எது என்று மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். புரோவோஸ்ட் என்றால் என்ன என்று அப்பா கேட்டார். நூற்றுக்கணக்கான மாணவர்களின் இருப்பிடம், சாப்பாடு, படிப்பு, ஒழுக்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற பெரிய பதவி என்று கலாவதி சொன்னாள். அதற்கு அப்பா, "அப்போ பெரிய மேஸ்திரின்னு சொல்லு, நம்ம ஊட்லயும் ஒருத்தன் மேஸ்திரி ஆயிட்டான்" என்று சொல்லிச் சிரித்தார். அன்று எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் ஒருவர் பாக்கியில்லாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தார், முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை. ஆனால் நோயை விரட்டுவதை விட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்காருவதா, ஊருக்குத் திரும்பி வந்து நம் சனங்களுக்கே உழைக்கலாமே என்று நீ எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்தப் பதில்.

நீ டாக்டராகி இந்த மலைக்கு வேலைக்கு வந்த முதல் மழைக்காலம் நினைவிருக்கும். லைன் வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னாய், எல்லோரும் கொதிக்க வைத்தார்கள், நோய் மட்டும் நிற்கவில்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டு மருதாயி, கொதித்து ஆறிய பானையில் கொதிக்காத ஊற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளி ஊற்றுவதை நீ பார்த்துவிட்டாய். உன்னோடு வந்த எஸ்டேட் ஆபீஸ்காரர், மூடச் சனங்கள் என்று கத்தினார். மருதாயி அசையவில்லை, "கொதிச்ச தண்ணி செத்த தண்ணி சாமி, அதக் குடிச்சா புள்ளைக்கு எங்கிருந்து தெம்பு வரும், அதான் உசுரு ஊத்தறேன்" என்றாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. நீ கோபப்படவில்லை. அவள் அடுப்புக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "அத்தை, அந்தக் கைத்தண்ணிய அடுப்புல ஏத்தறதுக்கு முன்னால ஊத்துங்க" என்றாய். கொதித்தால் அதுவும் செத்துப் போகாதா என்று அவள் கேட்டாள். "சோத்துக்கு உப்பு எப்பப் போடறீங்க, கொதிக்கறப்பத்தானே, உப்பு செத்தா போகுது" என்றாய். மருதாயி, படிச்சாலும் இவனுக்குப் புத்தி இருக்குது என்றாள். அந்த மழையிலேயே நோய் நின்றது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் கிளியூர்ப் பக்கம் சீதபேதி, நம் லைனில் யாருக்கும் இல்லை. மருதாயி வீட்டுக்குச் சமவெளியிலிருந்து புது மருமகள் வந்திருக்கிறாள். அவளிடம் மருதாயி, "மொதல்ல உசுர ஊத்து, அப்பறம் அடுப்புல ஏத்து, எங்க மாமியா காலத்துல இருந்து இதுதான் பழக்கம்" என்று சொன்னதைக் கலாவதி கேட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு நொம்பக் கோபம். என் மகன் சொல்லிக் கொடுத்ததை மாமியார் பேரில் எழுதி வைக்கிறாளே என்று சண்டைக்கே கிளம்பினேன். கலாவதிதான் மெல்லச் சொன்னாள், அண்ணன் பேரைச் சொல்லிச் செய்திருந்தால் அண்ணன் போனதும் விட்டிருப்பார்கள் அம்மா என்று. வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

அதனால் சொல்கிறேன் சாமி, இங்கே நீ ஆரம்பித்தது நீ இல்லாமலே நடக்கிறது. அங்கே ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒவ்வொரு பழக்கத்தோடு வந்திருக்கும் பிள்ளைகள், தாயைவிட்டு வந்தவர்கள். அவர்கள் முன்னால் தரையில் உட்கார்ந்து கேட்கிற ஆள் வேண்டாமா. அந்த நாற்காலியை ஏற்றுக்கொள். சேலம் வேலை என்று நீ எழுதியதும் அப்பா பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். அது வீண் போகாது, ஆரஞ்சுக் கூடைகளை வைத்திருக்கிறோம்.

சளி பிடித்தால் பாலில் மிளகு போட்டுக் குடி. வைகாசியில் சேர்வராயன் தேருக்குப் பேரனை அழைத்து வா. மாத முடிவை மறந்துவிடாதே, முதலில் அவர்களுக்குப் பதில் எழுது, பிறகு எனக்கு எழுதினால் போதும். நீ தொட்டதெல்லாம் விளங்கட்டும், மூவரும் நூறு வயது இருங்கள்.

இப்படிக்கு
உன் அம்மா
சென்னம்மாள்

அண்ணா, அம்மா சொன்னதை விடாமல் எழுதியிருக்கிறேன். 'சேலத்துக்கே வந்துவிடு' என்று மட்டும் நடுவில் ஒரு முறை சொன்னார்கள். நான் பேனாவைத் தாளில் வைப்பதற்குள் வேண்டாம், எழுதாதே என்றார்கள்.
கலாவதி