லோர்னா அத்தையின் வால்நட்

நவம்பர் 16, ஞாயிறு

அன்புள்ள பிரிட்டாவுக்கு,

அம்மா எழுதுவது. உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. ஆப்பிரிக்காவில் உன் மலைப்பள்ளியின் கூரை ஒழுகுவதையும், லெசோதோ பிள்ளைகள் உன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பதையும் உன் அப்பாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். அங்கே உன் ஆசிரியப் பணியை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கலாமா என்று நீ யோசிக்கும் பகுதியை ஒரு முறைதான் வாசித்தேன்.

இங்கே நிலம் உறைந்துவிட்டது. கல்லூரியில் தேர்வுத்தாள்கள் குவிந்து கிடக்கின்றன. என் உயிரியல் மாணவர்களில் பாதிப் பேர் இதயத்துக்கு மூன்று அறைகள் என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று அறை இதயம் தவளைக்குத்தான்; தவளைகளின் பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள் போலும்.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். உடம்பு நன்றாக இருக்கிறது. மூக்கு அப்படியேதான் இருக்கிறது. அந்தக் காய்ச்சல் வந்து அவர் மோப்பத்தைக் கொண்டுபோய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. இன்னும் அலுவலக மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். கேஸ் கசிவின் வாடை தெரியாத ஹீட்டர் மெக்கானிக்கை யார் வீடுகளுக்கு அனுப்புவார்கள்? கருவி இருக்கிறது, அது காட்டிக்கொடுக்கும். ஆனால் அவருக்கே தன் மேல் நம்பிக்கை போய்விட்டது.

உனக்கு நினைவிருக்கும். ஒரு வீட்டின் நிலவறையில் ஹீட்டரைச் சரிசெய்துவிட்டுப் படியேறும்போதே, "பன்றிக்கறியில ஆப்பிள் போட்டிருக்கீங்களா? இப்பவே எறக்குங்க, இல்லேன்னா காஞ்சிடும்" என்பார். ஒரு தட்டு போட்டுத் தராமல் எந்த வீட்டிலும் அவரை அனுப்பியதில்லை. இப்போது கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறார். உப்பு தெரிகிறது, இனிப்பு தெரிகிறது. "ஈர அட்டைல உப்பு தடவித் தின்னு பாரு, அதான்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறார். வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட ஷெரிலின் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். இறைச்சியைப் புகையில் வாட்டும் அந்தப் பெரிய அடுப்பைப் பக்கத்து வீட்டு நெங்கிடம் கொடுத்துவிட்டார்.

கண்ணாடி ஜாடிகளில் கிராம்பு, காபி, எலுமிச்சைத் தோல் என்று போட்டு, தினமும் முகர்ந்து பழகச் சொன்னார் மருத்துவர். வசந்த காலம்வரை அப்பா அதை ஜெபம் போலச் செய்தார். ஒரு நாள் "கிராம்பு! கிராம்பு வருது!" என்று துள்ளினார். அவர் கையிலிருந்தது நான் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த காலி ஜாடி. இரண்டு பேரும் சிரித்தோம். மறுநாள் ஜாடிகள் நிலவறைக்குப் போய்விட்டன. அதன் பிறகு எதையும் முகர்ந்ததாக அவர் சொன்னதே இல்லை.

இந்த வருடம் தேங்ஸ்கிவிங் விருந்து வேண்டாம் என்றார். "அட்டை தின்னுறவனுக்கு எதுக்கு அவ்ளோ பெரிய வான்கோழி?" என்று கேட்டார். உன் லோர்னா அத்தை விடவில்லை. "டேய் டுவேன், உனக்கு ருசி தெரியாட்டி எங்க எல்லாரையும் பட்டினி போடுவியா? நான் என் சர்க்கரைவள்ளிக் கிழங்கக் கொண்டு வரேன், நீ வாய மூடிட்டுத் தின்னு" என்று போனை வைத்துவிட்டாள். ஆகவே விருந்து உண்டு.

போன வருட விருந்தை நான் மறக்கவில்லை. காலையிலிருந்து நின்று நீ செய்த கிரேவியை அவர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு "நல்லாருக்கு" என்றார். நீ கரண்டி பிடித்த நாளிலிருந்து உன் சமையலில் எட்டுக் குற்றம் கண்டுபிடித்து, அதையெல்லாம் விளக்கிவிட்டு, மூன்று தட்டு சாப்பிட்ட மனிதர், "நல்லாருக்கு" என்றார். நீ கார் கொட்டகைக்குப் போய் நின்றதை நான் பார்த்தேன். ஜனவரியில் நீ மலைக்குக் கிளம்பியதற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நிகழ்ச்சியை அடுத்து இன்னொன்று நடந்தால் முதலாவதுதான் காரணம் என்று என் மாணவர்களைக்கூட நான் எழுதவிடுவதில்லை.

இன்னொன்று. செவ்வாய்க்கிழமை காகித ஆலையைத் தாண்டும்போது உன் அப்பா கார்க் கண்ணாடியை இறக்கினார். அந்த அழுகிய முட்டை வாடைக்கு ஊரே கண்ணாடியை ஏற்றும் இடம் அது. கடுங்குளிர் வேறு. ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஏற்றிவிட்டார். நானும் கேட்கவில்லை. கண்ணாடி இறங்கியது சான்று ஆகாது. உனக்கு மட்டும் எழுதுகிறேன், போனில் இதைப் பற்றிப் பேச்செடுக்காதே.

கம்பளிக் காலுறைகள் அனுப்பியிருக்கிறேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

அன்புடன்,
அம்மா

* * *

நவம்பர் 30, ஞாயிறு

அன்புள்ள பிரிட்டாவுக்கு,

நேற்று போனில் உன் அப்பா கத்தியதில் உனக்கு எவ்வளவு கேட்டதோ தெரியவில்லை. நடுவில் இணைப்பு அறுந்துவிட்டது. "வால்நட்", "நாத்தம்", "லோர்னா" என்ற மூன்று சொற்கள் மட்டும் கேட்டிருந்தால் குடும்பத்தில் பெரிய சண்டை என்று நினைத்திருப்பாய். முழுக்கக் கேட்டிருந்தாலும் நீ நம்பியிருக்க மாட்டாய். நீ என் மகள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் சரிபார்க்காத எதையும் எழுத்தில் வைப்பதில்லை என்பது உனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை விருந்து மேசையில் லோர்னா அத்தை, ஆர்லன் மாமா, நெங், அவர் மனைவி, நாங்கள் இருவர். வான்கோழி பரவாயில்லை. கிரேவி நான் செய்தது, அதைப் பற்றிப் பேச வேண்டாம். நெங்கின் மனைவி பொரித்த முட்டைக்கோஸ் சுருள்கள் கொண்டு வந்திருந்தாள். வான்கோழியைவிட அதுதான் வேகமாகத் தீர்ந்தது. அத்தை தன் சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கொண்டு வந்து நடுவில் வைத்தாள். மசித்த கிழங்கின் மேல் வெல்ல நிறச் சர்க்கரையும் வால்நட்டும் தூவி, மொறுமொறுவென்று சுட்டிருந்தாள். பார்க்க வழக்கம் போல அழகு.

முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வால்நட் சிக்கு வாடை அடித்தது. பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்தது போல. நான் மென்று விழுங்கிவிட்டு, "வெளியே பனி வரும் போலிருக்கிறது" என்றேன். நெங் தண்ணீர் குடித்தார். ஆர்லன் மாமா இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார், பாவம், அவளைக் கல்யாணம் செய்துகொண்டவர். விருந்தாளி கொண்டு வந்ததைக் குறை சொல்வதைவிட அதைத் தின்று சாவது மேல் என்பது இந்த ஊரின் சட்டம். யார் முகத்திலும் ஒரு சுருக்கம் இல்லை. அதைக் கவனித்து வைத்துக்கொள், பின்னால் வேண்டும்.

உன் அப்பா ஒரு வாய் எடுத்தார். மெல்லுவதை நிறுத்தினார். முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"லோர்னா, இந்த வால்நட் எந்த ஜனாதிபதி காலத்துது?"

அத்தையின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. "என்னடா சொல்ற? போன வாரம் வாங்கின மாதிரி இருக்கு!" என்றாள்.

"சிக்கு நாத்தம் அடிக்குது. வாய்ல வெக்க முடியல. நெங், நீங்க எப்டிங்க முழுங்குனீங்க?"

நெங் கூரையைப் பார்த்தார். அத்தை நாப்கினை வீசிவிட்டு எழுந்தாள். "ஃப்ரீசர் அடியில கெடந்தது, வீணாப் போக வேண்டாம்னு போட்டேன், அதுக்குன்னு வந்தவங்க முன்னாடி..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். கண்கள் பெரிதாயின. "டேய்," என்றாள். குரலே வேறாக இருந்தது. "உனக்கு நாத்தம் அடிக்குதா?"

அப்போதுதான் உன் அப்பாவுக்கும் உறைத்தது. மறுபடி ஒரு வாய் எடுத்து முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். "அடிக்குது," என்றார். "அய்யோ, எவ்ளோ கேவலமா அடிக்குது!" மேசையைச் சுற்றி ஓடி வந்து அத்தையின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "டாக்டருங்களால முடியாதத என் கெழங்கு செஞ்சிருச்சு, எழுதி வெச்சுக்கங்க எல்லாரும்!" என்று அத்தை அழுதுகொண்டே அதட்டினாள்.

பிரிட்டா, நான் இருபது வருடமாகச் சோதனைகளை எப்படி வடிவமைப்பது என்று பாடம் நடத்துகிறேன். இதைவிடச் சுத்தமான ஒன்றை நான் அமைத்ததில்லை. யாரும் சொல்லவில்லை, யார் முகமும் காட்டிக்கொடுக்கவில்லை. அவருக்கு அது தெரிய மூக்கைத் தவிர வேறு வழியே இல்லை. இந்த ஊரின் மரியாதையை நான் எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன். திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒரு முறை நடந்தது போதாது. நிலவறையிலிருந்து ஜாடிகளைக் கொண்டு வந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு புதிதாக நிரப்பினேன். நெங் பாத்திரம் துடைக்கும் துண்டால் அப்பாவின் கண்ணைக் கட்டினார். "இது விருந்தா, விசாரணையா?" என்றாள் அத்தை. ஆர்லன் மாமா நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார்.

முதல் ஜாடி. "கிராம்பு." சரி.

இரண்டாவது. "ரப்பர் எரியற மாதிரி இருக்கு. ஆனா அடியில காபி." சரி. மோப்ப நரம்பு மறுபடி உயிர்பெறும்போது இப்படிக் கோணலாகத் தெரிவது உண்டு என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

மூன்றாவது எலுமிச்சை. ஒன்றும் தெரியவில்லை என்றார். தெரிந்ததாகச் சொல்லியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

நான்காவதை வெகுநேரம் மூக்கருகே வைத்திருந்தார். ஒரு முறை முகர்ந்தார், தலையைச் சாய்த்து இன்னொரு முறை முகர்ந்தார். என் கையில் இருந்த மூடியை நான் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"புரொபசரம்மா," என்றார், "இது காலி. மறுபடியும் அதே ஜாடிய வெச்சு என்ன மடக்கப் பாக்குறியா?"

அந்தச் சமையலறையில் எழுந்த சத்தம் ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும். ஆர்லன் மாமா மேசையைத் தட்டினார், நெங்கின் மனைவி கையைத் தட்டினாள். எனக்கு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. பாத்திரம் கழுவும் நீரின் ஆவி என்று வைத்துக்கொள்.

ஆலைப் பக்கம் கண்ணாடியை இறக்கியது ஏன் என்று பிறகு கேட்டேன். அன்று ஏதோ லேசாக வந்தது போல் இருந்ததாம். "காலி ஜாடிக்குக் கிராம்புன்னு சொன்னவன் நான். அதான் வாயத் தெறக்கல," என்றார்.

வெள்ளிக்கிழமையிலிருந்து இந்த வீட்டில் நிம்மதி இல்லை. விடிந்ததும் மிச்ச வான்கோழியில் சாண்ட்விச், அதில் கிரான்பெர்ரி போதவில்லை என்று எனக்கு ஒரு உரை. மத்தியானம் வான்கோழி எலும்பில் சூப். சாயங்காலம் ஷெரிலின் கடை. மீன் வந்ததும் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஷெரில், எண்ணெய மாத்தி எத்தன நாளாச்சு?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ரெண்டு வருஷமா நிம்மதியாக் கடை நடத்திட்டிருந்தேன், வந்துட்டாருய்யா!" என்றாள். பிறகு உள்ளே போய் எண்ணெயை மாற்றச் சொல்லி, புதிதாகப் பொரித்த மீனைத் தானே கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டாள். அவர் முதல் துண்டை வாயில் வைக்கும்வரை எழுந்து போகவில்லை.

நேற்று நெங் புகையடுப்பைத் தானே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். "வாங்கும்போதே தெரியும், இது இரவல்தான்னு," என்றாராம். நாளை மருத்துவரைப் பார்க்கிறோம். வீடுகளுக்குப் போகும் வேலையை மறுபடி கேட்கப் போவதாக அப்பா சொல்கிறார். கருவியும் கூடவே போக வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். அதில் மாற்றமில்லை.

இனி உன்னைப் பற்றியது.

போன வருடம் மிஞ்சிய உன் கிரேவியை ஒரு டப்பாவில் ஊற்றி, மேலே உன் பெயரை எழுதி ஃப்ரீசரில் வைத்திருந்தாய். வசந்த காலத்தில் அதை எறியப் போனேன். "இருக்கட்டும்," என்றார் உன் அப்பா. கோடையிலும் கேட்டேன். "இருக்கட்டும்." இன்று காலை நான் எழுந்து வரும்போது அதை உருக்கிச் சின்னச் சட்டியில் சூடாக்கிக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை. ரொட்டித் துண்டைத் தொட்டு வாயில் வைத்தார். நின்றபடி ஒன்று, உட்கார்ந்து இன்னொன்று.

பிறகு என்னைப் பார்த்தார். "பேனா எடு," என்றார். சொன்னதை அப்படியே தருகிறேன்:

"மாவ வெண்ணெய்ல சரியா வறுக்கல, பச்ச வாசன போகல. சேஜ் எல ரொம்ப ஜாஸ்தி, எவனோ தோட்டத்தயே கொட்டுன மாதிரி இருக்கு. மிளகு கடைசில போட்டிருக்கா, முன்னாடியே போட்டிருக்கணும். எலும்புச் சாறு அருமையா எறக்கியிருக்கா, அது மட்டும் என்கிட்ட இருந்து வந்தது. போன வருஷம் 'நல்லாருக்கு'ன்னு சொன்னேன்ல, அத வாபஸ் வாங்கிக்கிறேன்னு எழுது."

சொல்லிவிட்டுச் சட்டியை ரொட்டியால் துடைத்தார். எனக்கு ஒரு துளி வைக்கவில்லை.

பணியை நீட்டிப்பது உன் முடிவு. அந்தப் பிள்ளைகளுக்கும் நீ தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. குளிர் தாங்காது என்று சேஜ் செடியை மட்டும் தொட்டியில் மாற்றி வீட்டுக்குள், சமையலறை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். அடுத்த நவம்பருக்குள் நன்றாகத் தழைத்துவிடும். கொஞ்சமாகத்தான் கிள்ள வேண்டுமாம், உன் அப்பா பக்கத்தில் நின்று காட்டித் தருவாராம். கடிதத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது என்கிறார்.

நலமாக இரு, கண்ணே. நீ எங்கே சமைத்தாலும் உன் சமையலில் குறை கண்டுபிடிக்க ஆள் கிடைக்கட்டும். இங்கே ஒருவர் கரண்டியோடு காத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா