பெருக்கிகினு போவட்டும்

அம்மா, அலமாரியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனைதான் முதலில் வந்தது. சித்தி மகள் ஸ்டெல்லாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். என் கல்யாணத்து வெள்ளைக் கவுனைக் கேட்டாள். கட்டிலில் போட்டு உதறினேன், கீழ்மடிப்பிலிருந்து மகாபலிபுரத்து மணல் கொஞ்சம் உதிர்ந்தது. நீ போனபிறகு அதைச் சலவைக்குப் போட எனக்கு மனசே வரவில்லை.

செங்கல்பட்டுக் கடைக்கு நாம் போன மத்தியானம் நினைவிருக்கிறதா? நான் போட்டுக் காட்டிய ஒவ்வொரு கவுனுக்கும் உதட்டைப் பிதுக்கினாய். ஒன்று கொசுவலை மாதிரி இருந்தது, இன்னொன்றுக்குக் கையே இல்லை. இதைப் பார்த்ததும் மட்டும் பேசாமல் என்னைச் சுற்றி வந்தாய். எனக்கு நீளம் அதிகம். வரவேற்பு மகாபலிபுரம் கடற்கரை ஹோட்டல் புல்வெளியில் என்பதால், கணுக்காலுக்கு மேலே வெட்டிவிடலாம் என்றேன். கடைப்பெண்ணும் சிரித்துக்கொண்டே, "ஆமா ஆன்ட்டி, இல்லன்னா தெருவ பெருக்கிகினு போவும்" என்றாள்.

உன் முகம் இறுகிப்போனது.

"வெட்டாதம்மா. பெருக்கிகினு போவட்டும்."

அழுக்காகிவிடும் என்று நான் கெஞ்சியும் நீ மசியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போதுதான் காரணம் சொன்னாய். அச்சரப்பாக்கத்தில் நீ நடவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு கிறிஸ்துமஸ் அன்று புதுப் புடவையைக் கணுக்கால் மறையக் கட்டிக்கொண்டு, நிலக்காரர் தெரு வழியாகச் சர்ச்சுக்குப் போயிருக்கிறாய். "'இன்னாடி, எங்க தெருவ பெருக்க வந்தியா? தூக்கிச் சொருவு'ன்னு வாசல்ல நின்னு கத்துனாங்க. அத்தன பேரு பாக்க, சொருவிகினுதான் போனேன்."

வரவேற்பன்று நான் மேடைக்கு நடந்தபோது தோழிகள் கவுனைத் தூக்கிப் பிடிக்க ஓடிவந்தார்கள். "வுடுங்க, யாரும் தூக்காதீங்க" என்று பின்னாலிருந்து அதட்டினாய். புல், மணல், யாரோ கொட்டிய ரோஸ்மில்க், எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு நடந்தேன். நீயும் தலைநிமிர்ந்து வந்தாய். உன் பட்டுப்புடவையும் அன்றைக்குத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வீடியோவில் அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்துவிடும்.

இன்று ஸ்டெல்லாவை டெய்லரிடம் கூட்டிப்போனேன். அவள் என்னைவிடக் குள்ளம், கவுன் காலடியில் குவிந்து கிடந்தது. டெய்லர் சாக்பீஸோடு குனிந்து, "எவ்ளோ வெட்டட்டும் மேடம்?" என்று கேட்டார். நான் யோசிக்கவேயில்லை அம்மா. உன் பேச்சுதான் என் வாயில் வந்தது.

"வெட்டாதீங்கண்ணா. ஒசரமா செருப்பு போட்டுக்குவா. பெருக்கிகினு போவட்டும்."